பழைய சின்ன காரை எடை போடுவது: பிறவிக் குறை, வயதுக் குறை, வளர்ப்புக் குறை

பழைய ஹேட்ச்பேக் (பின்கதவு மேலே திறக்கும் சின்ன கார்) ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். அடுத்தது "மைலேஜ் எவ்வளவு?" இரண்டும் தப்பான கேள்விகள் இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு சின்ன காரை வைத்துக்கொள்வதா விற்பதா, அல்லது அப்படி ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, இந்த இரண்டையும் கடைசியில் கேட்டால் போதும்.

முதல் வேலை, வண்டியின் குறைகளை மூன்றாகப் பிரிப்பது. பிறவிக் குறை என்பது அந்த மாடலை வடிவமைத்தவர்கள் அன்றைக்கே விட்டுவைத்தது. எவ்வளவு செலவழித்தாலும் போகாது. வயதுக் குறை எந்த வண்டிக்கும் வருவது. பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும். வளர்ப்புக் குறை, முன்பு ஓட்டியவர் (அது நீங்களாகவும் இருக்கலாம்) கவனிக்காமல் விட்டதால் வருவது. இது சட்டென்று வெளியே தெரியாது, தெரியவரும்போது செலவு கைமீறிப் போயிருக்கும். பெரும்பாலோர் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்துவிடுகிறார்கள்: "வேகமாப் போனா ஒரே சத்தம், ஷாக் அப்சார்பர் போச்சு, ஏசி சுமார், கொஞ்சம் ஆயில் குடிக்குது." இதில் முதலாவது பிறவி, இரண்டாவது வயது, நாலாவது பெரும்பாலும் வளர்ப்பு. ஏசி மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பலங்களை முதலில் எழுதச் சொல்வேன். குறையில் ஆரம்பித்தால் எரிச்சல் ஏறி, அப்புறம் நல்லது எதுவும் கண்ணில் படாது.

சின்ன ஹேட்ச்பேக்கின் பெரிய பலம் அதன் எடை. 1,000 கிலோவை ஒட்டி நிற்கும் ஒரு வண்டிக்கு டயர் சின்னது, பிரேக் டிஸ்க் சின்னது, கிளட்ச் சின்னது, பேட்டரியும் சின்னது. ஒவ்வொரு பாகமும் சுமக்கிற பாரமும் குறைவு, மாற்றும்போது ஆகிற செலவும் குறைவு. பழைய சொகுசு காரை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள் தலையில் கைவைத்து உட்காருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் வண்டியின் விலை எவ்வளவு இறங்கினாலும் அதன் உதிரி பாகங்களின் விலை இறங்குவதில்லை. சின்ன காரில் அந்த அதிர்ச்சி சின்னதாகவே வரும்.

இரண்டாவது பலம், அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. 1959-ல் வந்த மினி, இன்ஜினைக் குறுக்காக வைத்து முன் சக்கரங்களை ஓட்டியது. 1964-ன் ஆட்டோபியாங்கி ப்ரிமுலா, கியர்பாக்ஸை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஒரே வரிசையில் வைத்து, பின்னால் மேலே திறக்கும் கதவையும் கொடுத்தது. 1972-ன் ரெனோ 5, 1974-ன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று அந்த வடிவம் அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் வாசலில் நிற்கிற சின்ன காரும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். அரை நூற்றாண்டாக மெக்கானிக்குகள் கைபழகிய அமைப்பு என்பதால், எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் பானெட்டைத் திறந்து முழிக்க மாட்டார்கள்.

பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுக்கு அச்சு, அதை உடலோடு பிடித்துவைக்கும் இரண்டு பெரிய புஷ் (ரப்பர் வளையம்), இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான் கதை. பெரிய கார்களில் இருப்பது போல ஆர்ம் மேல் ஆர்ம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புஷ் என்று தேய்ந்துபோக அதிகம் இல்லை. டர்போ இல்லாத, பெட்ரோலை இன்டேக் வால்வுக்குப் பின்னாலேயே தெளிக்கிற பழைய ரக இன்ஜினாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: தெளிக்கிற பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் புதுரக இன்ஜின்களில் வால்வின் முதுகில் கரி படிவது தெரிந்த தொல்லை. நவீனம் என்பதாலேயே ஒன்று நீண்ட நாள் உழைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னைக் கேட்டால், பத்து வயதைத் தாண்டிய வண்டியில் சாதாரணமாக இருப்பதே பெரிய தகுதி.

அப்புறம் விலைச் சரிவு. புது கார் ஒவ்வொரு வருடமும் மதிப்பில் இழப்பதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, ஆனால் உண்மையில் பெரிய செலவு அதுதான். பழைய ஹேட்ச்பேக்கில் அந்த இழப்பை வேறு யாரோ ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள். நிறுத்த இடம் கிடைப்பது, பின் சீட்டை மடக்கினால் ஒரு வாஷிங் மெஷினே உள்ளே போவது, கீறல் விழுந்தால் இரவு தூக்கம் கெடாமல் இருப்பது, இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கை இல்லை.

பிறவிக் குறை: ஏற்றுக்கொள்வது அல்லது விலகுவது

நெடுஞ்சாலையில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் உள்ளே வருவது, பக்கக் காற்றில் வண்டி லேசாக ஆடுவது, நாலு பேரும் பைகளுமாக மேடு ஏறும்போது ஏசியை அணைக்கத் தோன்றுவது, உயரமானவர் பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்காருவது. இவையெல்லாம் வண்டி பிறந்த அன்றைக்கே இருந்தவை. வயதானதால் இவை வந்ததாக நினைத்து "இன்ஜின் வேலை பார்த்தா பிக்கப் வந்துடும்" என்று செலவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வராது. இன்ஜின் அன்றைக்கே அவ்வளவுதான் இழுத்தது. இப்படிப்பட்ட குறைக்கு ஒரே கேள்விதான்: உங்கள் ஓட்டத்தில் இது எத்தனை தடவை குறுக்கே வருகிறது? வருடத்தில் நாலு முறை நெடும்பயணம் போகிறவருக்கு இது பொருட்டே இல்லை. வாரா வாரம் 300 கி.மீ. போகிறவருக்கு இது போதும், மேலே படிக்கவே வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.

பிறவிக் குறைகளில் நான் கண்டிப்பு காட்டுவது பாதுகாப்பில் மட்டும்தான். இங்கே இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது. ஒன்று, கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் அதிக அதிர்ச்சி லேசானதற்குத்தான்; இது இயற்பியல், எந்த மாடலும் தப்பிக்க முடியாது. இன்னொன்று, அந்த வண்டியை வடிவமைத்த காலத்தின் அளவுகோல். "இது ஐந்து நட்சத்திர வண்டி" என்று பழைய காரைக் காட்டிச் சொன்னால், எந்த வருடத்து நட்சத்திரம் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 1997-ல் சோதனை முடிவுகளை வெளியிடத் தொடங்கியது, 2009-ல் மதிப்பிடும் முறையையே மாற்றியது, அதற்கப்புறமும் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஃபியட் கிராண்டே புன்டோ 2005-ல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதன் வழிவந்த புன்டோவை 2017-ல் மறுபடி சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம். வண்டி பெரிதாக மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது.

ஆகவே நட்சத்திரத்தை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எத்தனை ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா, பின் சீட்டின் நடுவில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி. அமெரிக்காவில் 2012 மாடல் வருடத்திலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புது கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமானது. அதற்கு முந்தைய சின்ன கார்களில், குறிப்பாக விலை குறைந்த வேரியன்ட்டில், இது இல்லாமலே இருக்கலாம். வாங்கிய பிறகு தனியாகப் பொருத்திக்கொள்ள முடியாத சாமான் இது. ஒரே மாடலில் இரண்டு வண்டி கண்ணில் பட்டால், பளபளப்பான அலாய் வீல் இருப்பதைவிட ஈஎஸ்சி இருப்பதை எடுங்கள்.

ஏர்பேக்கைப் பற்றி இன்னொரு வார்த்தை. டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் பல வருடம் இருந்து கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறியது. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, அதில் சின்ன ஹேட்ச்பேக்குகளும் நிறைய. கார் நிறுவனத்தின் இணையதளத்தில் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைப் போட்டால், செய்யாமல் விட்ட ரீகால் ஏதும் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. பழைய வண்டிகளில் உரிமையாளர் கைமாறிக் கைமாறி, அழைப்புக் கடிதம் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்க் குப்பையில் விழுந்திருக்கும்.

வயதுக் குறை: கிலோமீட்டர் சொல்லாத கதை

நான் ஒரு முறை மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். பதினொரு வயது வண்டி, ஒரே உரிமையாளர், வெறும் 38,000 கி.மீ., வெயில் படாத ஷெட்டில் நின்றது. உள்ளே சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. மயங்கி வாங்கிவிட்டேன். ஆறு மாதத்துக்குள் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது, கிராங்க் ஆயில் சீல் கசிந்தது, பின் பிரேக் வீல் சிலிண்டர் இறுகிப்போனது, ஏசியின் ரப்பர் ஓரிங் வழியாக கேஸ் போனது, டயர்களின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். ஓடித் தேய்ந்தது ஒன்றுமே இல்லை. எல்லாம் ரப்பர், எல்லாம் வயது. விற்றவர் பொய்யும் சொல்லவில்லை. நான்தான் கிலோமீட்டரைப் பார்த்தேன், வருடத்தைப் பார்க்கவில்லை.

குறைவாக ஓடியது என்பதன் இன்னொரு பக்கம், குட்டிக் குட்டிப் பயணம். இரண்டு கி.மீ. போய் அணைத்துவிடும் இன்ஜின் சூடே ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது; நீண்ட ஓட்டத்தில் அது புகையோடு வெளியே போய்விடும், குட்டி ஓட்டத்தில் சைலன்சருக்குள்ளேயே நின்று உள்ளிருந்து அரிக்கும், கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். அதனால் பத்து வருடத்தில் 1,20,000 கி.மீ. ஒழுங்காக நெடுஞ்சாலையில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியை, 40,000 கி.மீ. மட்டும் ஓடிய கடைத்தெரு வண்டிக்கு மேலாக நான் மதிப்பேன்.

வயதைப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-ம் வாரம் செய்தது. பல டயர் நிறுவனங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடம் ஆனால் பட்டன் (டயரின் மேல்பரப்புப் புடைப்பு) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடவும் சொல்கின்றன. பட்டன் ஆழம் 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டப்படியான கீழ் எல்லை, ஆனால் மழையில் அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறைந்துவிடும். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள்; வண்டியோடு பிறந்த ஸ்டெப்னி இன்னும் டிக்கியில் படுத்திருப்பது சர்வ சாதாரணம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சுபாவம் கொண்டது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். நீண்ட மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம், செய்கிறவர்கள் குறைவு. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். இது மல்டிமீட்டர் வைத்திருக்கிற யாரும் பார்க்கக்கூடியது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனோடு ஒத்திசைத்து வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை. இதற்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, வருடக் கெடுவும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டியின் கையேட்டில் இருக்கும். பல சின்ன இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், வால்வு வளையும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். வயதான வண்டிக்கு அதோடு மங்களம். மாற்றியதற்கு பில் இருந்தால் நம்புங்கள், "போன வருஷம்தான் மாத்தினோம்" என்று வாய் வார்த்தை மட்டும் இருந்தால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு செலவைக் கணக்கில் சேருங்கள். வாட்டர் பம்ப்பை அந்த பெல்ட் ஓட்டுவதாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம், கூலி ஒன்றுதானே. செயின் உள்ள இன்ஜின் என்றால் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி இல்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் நீளும்.

வளர்ப்பைக் கண்டுபிடிப்பது

இதற்கு வண்டி ஆறியிருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஏன் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்தார்கள் என்று கேளுங்கள், அல்லது இன்னொரு நாள் காலையில் போங்கள். சொந்த வண்டி என்றாலும் இதே வரிசையைச் செய்து பாருங்கள், அந்நியர் வண்டி போல.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அல்லது நான் சொன்ன குட்டிப் பயணத்தின் ஈரமாகவும் இருக்கலாம். எது என்று சொல்லப்போவது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் இருக்கும் தொட்டி: அளவு குறைகிறதா, அதில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துருத் தண்ணீராக இருக்கிறதா? வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் ரேடியேட்டரும் உள் வழிகளும் அரித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யுங்கள், ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். குளிர்ந்த காலையில் வெண்ணிற ஆவி வந்து கொஞ்ச நேரத்தில் மறைவது இயல்பு. சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் எரிகிறது. நீலப் புகை ஆயில். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு வீச்சு மட்டும் வந்து நின்றால் வால்வு சீல், அதோடு வாழலாம், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வந்தால் பிஸ்டன் ரிங், அதோடு வாழ்வது சிரமம். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் சென்சார் சமாச்சாரம், பயப்பட வேண்டாம்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள், பேச்சுத் துணையையும்தான். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் டிக் டிக் என்று கேட்பது, முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சிவி ஜாயிண்ட். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஹூம் சத்தம் வீல் பேரிங் அல்லது ஒழுங்கற்றுத் தேய்ந்த டயர். வேகத்தடையில் டக் என்று இடித்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் என்று மலிவானதிலிருந்து தேடுங்கள். டாப் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் பெடல் காலில் துடித்தால் டிஸ்க் சமமாக இல்லை. இவை எல்லாமே மாற்றக்கூடிய சாமான், பேரம் பேச உதவும், வண்டியை நிராகரிக்கக் காரணம் ஆகாது.

முடித்து வந்ததும் அணைக்காமல், ஏசியை முழுதாகப் போட்டு கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். சூடு காட்டும் முள் நடுவில் வந்து நின்று, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி ஓடி நிற்க வேண்டும். சின்ன காரின் கூலிங் கோளாறு அநேகமாக இந்தக் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பெரும்பாலோர் பொறுமையிழந்து சாவியைத் திருப்பிவிடுவதால்தான் அது வாங்கிய பிறகு வருகிறது.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கையடக்க ஸ்கேனர் ஒன்று இருந்தால் மாட்டிப் பாருங்கள். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். வண்டி தன்னைத் தானே சோதிக்கும் பட்டியலில் பல வரிகள் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் விளக்கம் கேளுங்கள்.

துரு மட்டும் தனி

துருவை நான் மூன்று வகையிலும் சேர்க்காமல் தனியாக வைக்கிறேன், ஏனென்றால் சின்ன காரைக் கடைசியில் பட்டறைக்கு அனுப்பாமல் உடைப்பு யார்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் இன்ஜின் கிடையாது, துருதான். கதவின் கீழ் ஓரத்திலோ டிக்கிக் கதவிலோ இருக்கிற துரு அசிங்கம், அவ்வளவே. வண்டியின் பாரத்தைச் சுமக்கிற இடத்துத் துருதான் விஷயம்: கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, முன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே பொருந்தும் கோபுரம், பின் அச்சின் புஷ் பிடிக்கும் இடம், ஸ்டெப்னிக் குழி, கால் மிதிக்கும் தரை. மிதியடியைத் தூக்கி அடியில் இருக்கும் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள், ஈரம் இருந்தால் கண்ணாடி ரப்பரிலோ ஏசி வடிகுழாயிலோ அடைப்பு அல்லது கசிவு. சீட் தண்டவாளத்தில் துருவும், பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கறையும் தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. அதற்கு மேல் பேச்சு வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பள்ளத்தையும் துருவையும் பட்டி (பூச்சுப் பசை) போட்டு மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க, சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டவையுங்கள்; பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. பிளாஸ்டிக் பம்பரில் எப்படியும் பிடிக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். டிங்கரிங் செய்த வண்டி எல்லாமே கெட்ட வண்டி இல்லை. ஃபெண்டரும் கதவும் மாற்றிய வண்டியை வாங்கலாம், கூரையைத் தாங்கும் பில்லரிலும் அடிச்சட்டமான சேசிஸின் முனையிலும் வெல்டிங் செய்ததை வாங்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக், டீசல் பற்றிச் சுருக்கமாக: வயதான சின்ன காரில் மேனுவல் கியர்பாக்ஸே நிம்மதி. பெல்ட்டில் ஓடும் சிவிடி, இரட்டைக் கிளட்ச் வகை ஆகியவற்றில் கோளாறு வந்தால் ஒரே பில் வண்டியின் மதிப்பை விழுங்கிவிடும், ஆயில் மாற்றிய பில் கையில் இல்லாமல் தொடாதீர்கள். டீசல் ஹேட்ச்பேக் தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு மட்டும். புகை வடிகட்டி உள்ள டீசலைக் குட்டி ஓட்டத்துக்கு வைத்தால், படிந்த கரியை எரித்துத் தள்ளும் அளவுக்குச் சூடு வராமல் அது அடைத்துக்கொள்ளும்.

கணக்குப் போடும் முறை

"வண்டி விலையைவிட ரிப்பேர் செலவு அதிகமானால் விற்றுவிடு" என்று ஒரு பழைய விதியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விற்றால் கைக்கு வருவது ஒரு தொகை. அதை வைத்துக்கொண்டு நடந்தா போகப்போகிறீர்கள்? ஒப்பிட வேண்டியது ரிப்பேர் செலவையும் வண்டியின் விலையையும் அல்ல, இந்த வண்டியை அடுத்த இரண்டு வருடம் ஓட்ட ஆகிற மொத்தத்தையும், இதே வேலையைச் செய்யும் வேறொரு வண்டிக்கு அதே இரண்டு வருடத்தில் ஆகிற மொத்தத்தையும். மாற்று வண்டியின் பக்கத்தில் தவணை, வட்டி, காப்பீடு, விலைச் சரிவு எல்லாவற்றையும் நேர்மையாக எழுதினால், ஒரு கிளட்ச் செட்டும் நாலு டயரும் அவ்வளவு பயமுறுத்தாது. மாற்று வண்டியும் பழையதுதான் என்றால் இன்னும் ஜாக்கிரதை: உங்கள் வண்டியின் குறைகள் உங்களுக்குத் தெரியும், அதன் குறைகள் தெரியாது.

தாளில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் எந்த வகை என்று எழுதுங்கள், பிறகு மூன்று வரிசை. உயிருக்கு ஆபத்தானவை முதலில்: பிரேக், டயர், ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்கு. நடுவழியில் நிறுத்திவிடக்கூடியவை அடுத்து: டைமிங் பெல்ட், கூலிங், பேட்டரி, கிளட்ச். மற்றவை எல்லாம் கடைசியில், பவர் விண்டோ, பாட்டுப் பெட்டி, மங்கிய ஹெட்லைட் கண்ணாடி (மங்கல் அதிகமாகி இரவில் தெரியவில்லை என்றால் அதை முதல் வரிசைக்கு நகர்த்துங்கள்). மக்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் வேடிக்கை. சீட் கவர் புதிது, டயர் ஒன்பது வயது.

முதல் இரண்டு வரிசைகளில் வயதுக் குறைகள் மட்டுமே இருந்தால், மொத்தத்தையும் ஒரே முறை செய்துவிட்டு வண்டியை வைத்துக்கொள்ளலாம். வளர்ப்புக் குறை ஒன்று மட்டும், அதுவும் காரணம் தெரிந்தது என்றால் பேரம் பேசலாம். ஆயில் குடிப்பது, கூலண்ட் குறைவது, பில் எதுவும் இல்லாதது என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், இன்னும் கண்ணில் படாதவை அவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் துரு இருந்தால் கணக்கே போட வேண்டாம்.

சொந்த வண்டியை எடை போடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, காது பழகிவிடும். என் வண்டியை ஒரு நண்பர் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, "பிரேக் பிடிச்சா இடது பக்கம் இழுக்குதே, எத்தனை நாளா?" என்று கேட்டார். எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாகவே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே தாளை எழுதி முடிக்கும் முன்னால் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், முடிந்தால் அதே மாடல் வைத்திருப்பவரிடம், நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வாருங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், கியர் ஆயில், எல்லா ஃபில்டர்களையும் மாற்றி, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் போடுங்கள். கூலண்ட் தொட்டியில் இன்றைய அளவு எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். குறைகிறதா இல்லையா என்பது அடுத்த மாதம் தெரிந்துவிடும்.